உஷார்! அந்தக் கிற்றாருக்கு உருக்குக் கம்பி பூட்டாதீர்கள்

நவம்பர் பிறந்தால் கொட்டாஞ்சேனையில் கரோல் பழகத் தொடங்கிவிடுவார்கள். டிசெம்பர் 13 புனித லூசியாவின் திருநாள், அது முடிய நத்தார். அலுமாரிக்கு மேல் வருடம் முழுக்கக் கிடந்த கிற்றாரைத் தூசி தட்டி இறக்குவது இந்த நாட்களில்தான். இறக்கினால் கம்பியெல்லாம் துரு. "அண்ணை, கிற்றார் கம்பி ஒரு செற் தாங்கோ" என்று கேட்கச் சொல்லிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். கைக்கு முதலில் அகப்பட்ட பக்கெற்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார். ஆபத்து அந்தப் பக்கெற்றில்தான் வருகிறது. துருப்பிடித்த பழைய கம்பி பாட்டைக் கெடுக்கும். பொருந்தாத புதுக் கம்பி கிற்றாரையே பிய்த்துவிடும்.

"என்ன கிற்றாருக்கு?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்காவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

கிற்றாரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நைலோன் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிற்றார். மற்றது உருக்குக் கம்பிக்கென்று செய்தது. நைலோன் வருவதற்கு முன் கிளாசிக்கல் கிற்றாருக்குப் பூட்டியது ஆட்டுக் குடலில் திரித்த தந்தி. இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்டின் என்பவர் நைலோனில் கம்பி செய்யத் தொடங்கினார். கிற்றார் மேதை செகோவியா அதை வாசித்துப் பரப்பினார். அதிகம் இழுக்காத இந்தக் கம்பிகளுக்கு ஏற்றபடி கிளாசிக்கல் கிற்றாரின் மேற்பலகையும் மெல்லியதாகவே இருக்கும். நைலோன் செற் ஒன்று மொத்தமாக இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. கடைகளில் 12 என்று கேட்டு வாங்கும் உருக்குச் செற் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். மெல்லிய 10 செற்கூட 60 கிலோ அளவுக்கு வந்துவிடும்.

பூட்டிய அன்றைக்கு ஒன்றும் நடக்காது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. சத்தம் முன்னையைவிடப் பெரிதாகக் கேட்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு கம்பிகளின் அடிமுனை கட்டியிருக்கும் பிரிட்ஜ் கட்டை மெல்லப் பின்பக்கம் கிளம்பும், மேற்பலகை வயிறு தள்ளும், கழுத்து வளையும். பெரும்பாலான கிளாசிக்கல் கிற்றார்களின் கழுத்துக்குள் வளைவை நிமிர்த்தும் இரும்புத் தண்டும் கிடையாது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடிக் கலக்கிய எழுபதுகளில் பெரியப்பாவோ மாமாவோ வாங்கி வைத்த கிற்றார் வீட்டில் இருந்தால், இரண்டு மடங்கு கவனம். அதன் பசைக்கும் அரை நூற்றாண்டு வயது.

அடையாளம் பிடிப்பது கஷ்டமில்லை. தலைப்பாகத்தில் இரண்டு நீளத் துவாரங்கள் வெட்டி, அவற்றுக்குள் வெள்ளை உருளைகளில் கம்பி சுற்றியிருக்கிறதா? பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்களா? கழுத்து அகலமா? அப்படியென்றால் நைலோன் மட்டும். பிரிட்ஜில் ஆறு சின்ன முளைகள் குத்தியிருந்தால் உருக்கு. குழப்பமாக இருந்தால் கிற்றாரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிற்றார் முளை வைத்ததுதான் என்றால், விரல் பழகாத பிள்ளைக்கு 10 அல்லது 11 போதும். அந்த எண் முதற் கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். அண்ணன்மார் 12 போடுகிறார்கள் என்பதற்காகப் பிள்ளைக்கும் 12 வேண்டாம்.

துருவின் கதைக்கு வருவோம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். மரைன் டிரைவ் பக்கம் யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேரே வீட்டுக்குள். முதலாம், இரண்டாம் கம்பிகள் மெல்லிய தகரப் பூச்சு மட்டும் உள்ள வெறும் உருக்கு. பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வாசிக்காமலே துருப்பிடிக்கும். தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் வெண்கலம் கறுத்து, இடுக்குகளில் வியர்வை அழுக்கு ஏறி, சத்தம் செத்துப்போகும். அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிக்கு, அதாவது ஃபிரெட்டுக்கு, நேரே பள்ளமோ சொரசொரப்போ தட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்தச் சொரசொரப்பு ஃபிரெட்டையும் அராவும். ஃபிரெட் மாற்றும் செலவில் எத்தனையோ செற் கம்பி வாங்கலாம்.

சான்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கிறவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் பூச்சும் போய், துரு இன்னும் வேகமாக வரும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அழுக்கைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. வாசித்து முடிந்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடினால் போதும்.

கடலோர வீட்டுக்கு, கம்பிமேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுள்ள செற் நல்லது. கோர்டெக்ஸ் துணி செய்யும் கோர் கம்பனி 1997 இல் எலிக்சிர் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இப்போது வேறு கம்பனிகளும் செய்கின்றன. விலை கடிக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதற்குப் பிறகு இறக்குமதிச் சாமான்கள் பெரும்பாலும் பழைய விலைக்கு இறங்கவில்லை. ஆனாலும் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பியைவிட நீண்ட நாள் நிற்பதால் கணக்கு சரிவரும் என்றுதான் நினைக்கிறேன்.

விலை ஏறிய இடத்தில் போலியும் வரும். உலகம் முழுக்க அதிகம் போலி செய்யப்படும் கம்பிகளில் டாடாரியோவும் ஒன்று. அதன் உருக்குக் கம்பிகளில் ஒவ்வொன்றின் குண்டு முனைக்கும் ஒவ்வொரு நிறம் உண்டு. தடித்த ஆறாம் கம்பிக்குப் பித்தளை நிறம், பிறகு சிவப்பு, கறுப்பு, பச்சை, ஊதா, கடைசியில் வெள்ளி. பக்கெற்றுக்குள் இருக்கும் இலக்கத்தைக் கம்பனித் தளத்தில் பதிந்தும் சரிபார்க்கலாம். நிறம் மாறியிருந்தாலோ, ஆறும் ஒரே நிறமென்றாலோ திருப்பிக் கொடுங்கள். காற்றுப்புகாத உறை கிழிந்த பக்கெற், கடதாசி உறையில் தொங்கும் ஒற்றைக் கம்பி இரண்டும் கடையிலேயே துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம்.

மாற்றும்போது இறுகிய கம்பியைக் குறட்டால் வெட்டாதீர்கள், தளர்த்திவிட்டு வெட்டுங்கள். சுருதி கூட்டும்போது முகத்தைக் கம்பிக்கு மேல் குனியாதீர்கள், அறுந்தால் நேரே கண்ணுக்குத்தான் வரும். போனில் உள்ள ரியூனர் சில வேளை எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று காட்டாது. ஒரு ஸ்தாயி மேலே இழுத்துப் புதுக் கம்பியை அறுப்பவர்கள் அதிகம். இரண்டாம் கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தி, அந்தச் சத்தத்துக்கு முதற் கம்பியைக் கூட்டுங்கள்.

ஏற்கெனவே நைலோன் கிற்றாரில் உருக்குப் பூட்டிவிட்டீர்களா? இன்றைக்கே பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு கடதாசியை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஆறு கம்பிகளையும் உடனே தளர்த்துங்கள். சுப்பர் குளூ ஊற்றாதீர்கள். பிறகு திருத்துகிறவர் அதைச் சுரண்டி எடுக்க மரத்தையும் சேர்த்தே சுரண்ட வேண்டிவரும். கடதாசி போகாவிட்டாலும் கம்பியைக் கழற்றி நைலோனைப் பூட்டுங்கள். வெட்டி எறிந்த உருக்குத் துண்டுகளை எண்ணிப் பொறுக்குங்கள், வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம்.