கேட்கட்டும் குழந்தை!

“வானம் ஏனப்பா நீலமாக இருக்கிறது?” என்று கேட்கிறது குழந்தை. “சும்மா இரு!” என்கிறோம் நாம். பள்ளிக்குப் போனால், “புத்தகத்தில் உள்ளதைச் சொல்!” என்று அதட்டல். வீட்டிலே ஒரு பூட்டு, பள்ளியிலே மறு பூட்டு. பிஞ்சு வாய்க்கு இரட்டைப் பூட்டு! பிறகு, “பையனுக்கு அறிவு வளரவில்லையே!” என்ற அங்கலாய்ப்பு வேறு!

பூட்டைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? நடந்ததையே சொல்கிறேன், கேளுங்கள் தோழர்களே!

இங்கிலாந்திலே, டெவன் வட்டாரத்திலே, பிளாக்காட்டன் என்றொரு சிற்றூர். அவ்வூர் ஆரம்பப் பள்ளியில் 25 பிள்ளைகள். வயது 8 முதல் 10 வரை. தேனீ இனத்தில் உடல் பருத்த ஒருவகை உண்டு. ‘புதிர் போட்டால் அது விடுவிக்குமா?’ என்று கேட்டனர் பிள்ளைகள். போ லாட்டோ என்ற நரம்பியல் அறிஞரும் தலைமையாசிரியரும் விடையை ஊட்டிவிடவில்லை. சோதித்துப் பார்க்கத் துணை நின்றனர்.

பலகைக்கு 16 வட்டங்கள். சில பலகைகளில் நடுவே நான்கு நீலம், சுற்றிலும் 12 மஞ்சள். மற்றவற்றில் நடுவே மஞ்சள், சுற்றிலும் நீலம். நடு வட்டங்களிலே சர்க்கரைத் தண்ணீர்! தேனீக்கள் பழகிய பிறகு, சர்க்கரைத் தண்ணீரை எடுத்துவிட்டுக் கவனித்தனர். அப்போதும் தேனீக்கள் பெரும்பாலும் சரியான வட்டங்களையே நாடின. நிறத்தையும், அது அமைந்த இடத்தையும் சேர்த்தே அவை கற்றுக்கொள்ள முடியும் என்பது புலனாயிற்று. 2010 டிசம்பரில், ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ ஏடு அந்த ஆய்வை வெளியிட்டது; பிள்ளைகள் வண்ணப் பென்சிலால் தீட்டிய படங்களோடு!

“அது சீமைப் பள்ளி, நமக்கேது வசதி?” என்பீர்கள். இரண்டு தட்டும் ஒரு பிடி மொச்சையும் போதும். ஒரு தட்டு விதையை நனையுங்கள். மற்றதை உலர்ந்தபடி விடுங்கள். மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். எது முளைக்கும் என்று குழந்தை முதலில் சொல்லட்டும்; நாள்தோறும் பார்த்து வரைந்து வைக்கட்டும். சொன்னது பிசகினால் இழிவில்லை. அங்கேதான் பாடம் ஆரம்பம்!

எழுத்தும் எண்ணும் வேண்டாம் என்பதல்ல. அவற்றைக் கற்பித்தே ஆகவேண்டும். ஆசிரியருக்கு இது ஓய்வும் அல்ல, விடையை நாவிலே அடக்கிக்கொண்டு, “உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்பது, மனப்பாடம் செய்விப்பதைவிடக் கடினமான வேலை.

ஆலையிலே எந்திரம் நின்றால் தொழிலாளி என்ன செய்கிறான்? பாடத்தை ஒப்பிக்கிறானா? மின்சாரம் வருகிறதா, பட்டை அறுந்ததா, எண்ணெய் வற்றியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அதே முறைதான் இது! உழைப்பவன் கையிலே உள்ள அறிவை அவன் பிள்ளைக்கு மறுப்பது என்ன நியாயம்?

இன்று ‘ஏன்’ என்று கேட்கப் பழகும் பிள்ளை, நாளை கூலிச் சீட்டைப் பார்த்து, ‘இந்தப் பிடித்தம் ஏன்?’ என்றும் கேட்கும். அடங்கிப் பழகிய பிள்ளை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு குனிந்து நடக்கும்.

எனவே தோழர்களே, குழந்தை கேட்டால் “சும்மா இரு” என்னாதீர்கள். “வா, பார்ப்போம்!” என்று சொல்லுங்கள்.