உளுத்த தளமும் மாற்றுப் பலகையும்

பைபர்கிளாஸ் படகென்றால் அதில் மரமே இராது, ஆகவே உளுப்பதற்கும் ஒன்றுமில்லை என்று எண்ணுவோர், 1970, 80களில் அமெரிக்காவில் கட்டப்பட்ட சிறு மோட்டார்ப் படகு ஒன்றின் தரைவிரிப்பை உரித்துப் பார்த்தால் திகைத்துப்போவார்கள்; வெளி ஓடு மட்டுமே கண்ணாடியிழையாயிருக்க, கால் வைக்கும் தளமும் அதைத் தாங்கும் சட்டங்களும் பெரும்பாலும் ஒட்டுப்பலகையும் மரமுமாகவே இருக்கும். மேலுக்குக் கெட்டியாய்த் தோன்றும் அந்தப் பலகை, திருப்புளியின் நுனியால் அழுத்தினால், தேநீரில் ஊறிய ரஸ்க் போல் உள்வாங்கிவிடும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கடல் அன்று, மழை. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை. நியூ இங்கிலாந்தின் கப்பல் தச்சர்கள் விலாச்சட்டங்களுக்கிடையே உப்பைக் கொட்டி நிரப்பியது இந்தச் சூட்சுமத்தை அறிந்துதான்.

புதுத் தளத்துக்கு மெரைன் பிளைவுட்டைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். பிரிட்டனின் 1088 என்ற தர எண் பெற்ற பலகையின் விசேஷம், கொதிநீரிலும் விடாத பசையிலும் உள்ளடுக்குகளில் பொந்து இல்லாமையிலும் இருக்கிறதேயன்றி, மரம் உளுக்காது என்பதில் இல்லை. ஆப்பிரிக்க ஒக்கூமே மரத்தில் செய்த உயர்ந்த ரகம்கூட ஈரம் தங்கினால் சுலபமாக உளுக்கும். நம் நாட்டு 710 எண் பலகைக்கு மருந்தேற்றுதலும் நிபந்தனையாதலால் அது ஒருபடி மேல். வீடு கட்ட உதவும் வெளிப்புற ரகப் பலகைக்கும் பசை நீர்புகாததே; உள்ளே பொந்துகள் இருக்கக்கூடும் என்பதொன்றே குறை. இன்னும் சில வருஷமே ஓடப்போகும் பழம்படகுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். செம்பு கலந்த மருந்தேற்றிய பலகையோ அலுமினியப் படகுக்குச் சத்துரு. ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். கண்ணாடியிழை கலந்த பாலியூரிதேன் நுரைப்பலகை உளுக்காது, கனமும் குறைவு. ஆனால் விலை பல மடங்கு.

உண்மையில், பலகையின் ஜாதியைக் காட்டிலும் அதன் ஓரங்களே கவனிக்கத்தக்கவை. நீரை அதிகமாய்க் குடிப்பது அறுத்த விளிம்பாதலால், அதற்கு எபாக்ஸியை இரண்டு மூன்று முறை பூசவேண்டும். மரத்தைப் பற்றுவதில் பாலியெஸ்டர் ரெசின் அதற்கு ஈடாகாது. ஆசனத்தை முடுக்கும் திருகாணிக்கு வேண்டியதைவிடப் பெரிய துளையிட்டு, அதை எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மீண்டும் துளைத்து முடுக்கினால், ஆணி மரத்தைத் தொடாது, அதன் வழியே மழைநீரும் இறங்காது. இந்தத் தொல்லைக்குச் சோம்பித்தான் அநேகர் அருமையான பலகையையும் பாழாக்குகிறார்கள்.

தளத்தைப் பெயர்த்த கையோடு, கீழே மிதப்புக்காக ஊற்றியிருக்கும் நுரையையும் ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பார்ப்பது அவசியம். நீர் சொட்டினால் முழுவதையும் தோண்டி எடுத்து, சட்டங்களை நன்றாக உலரவிட்டு, புதிய நுரையை நிரப்பும்போது, அடியில் தேங்கும் நீர் பின்புறத்து வடிதுளைக்கு ஓடிச்சேர ஒரு கால்வாய் விட்டு, அதன்மேல்தான் பலகையைப் பரப்பவேண்டும்.