முதலில் காலடி, பிறகு கூண்டு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தற்காப்புக் கலை மையங்களின் பலகைகளில் கராத்தே, சிலம்பம், கிக்பாக்சிங் என்ற வரிசையோடு இப்போது எம்.எம்.ஏ. என்ற கலப்புத் தற்காப்புக் கலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசியில் கூண்டுச் சண்டை பார்த்து வளர்ந்த பையன் நேரே அதில்தான் சேருவேன் என்கிறான். "முதல்ல ஒண்ணை ஒழுங்கா கத்துக்கோ, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் மாஸ்டர். இது பழங்காலத்துப் பிடிவாதமா? அறிவியல் பாதிக்கு மேல் மாஸ்டர் பக்கம்தான் நிற்கிறது.

1952-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் எட்மண்ட் ஹிக் விளக்குகளையும் பொத்தான்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். விளக்குகள் கூடக்கூட விரல் அசைய ஆகும் நேரமும் கூடியது. சண்டையில் முகத்துக்கு ஒரு குத்து வருகிறது. தடுப்பதா, தலையைச் சாய்ப்பதா, பின்வாங்குவதா, குனிந்து காலைப் பிடிப்பதா? நான்கையும் அரைகுறையாகத் தெரிந்தவன் முடிவெடுப்பதற்குள் குத்து விழுந்துவிடும். நீண்ட பயிற்சி இந்தத் தாமதத்தைப் பெருமளவு கரைத்துவிடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அவ்வளவு பயிற்சியை பல கலைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க யாரிடம் மாலைப்பொழுது மிச்சமிருக்கிறது?

இன்னொரு சிக்கல், கலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. தாய்லாந்தின் முவாய் தாய் வீரர் நிமிர்ந்து நின்று முன்காலில் எடையைக் குறைத்து வைத்திருப்பார். உதை வந்தால் அந்தக் காலைத் தூக்கித் தடுக்க வேண்டும். குத்துச்சண்டைக்காரர் முன்காலை ஊன்றிக் குனிந்து நுழைவார். அதே குனிவில் முவாய் தாயில் முழங்கால் முகத்தில் ஏறும். மல்யுத்த வீரருக்கோ இடுப்பு தாழ்ந்தே இருக்க வேண்டும். இப்படி முரணான இரண்டை அடுத்தடுத்துக் கற்றால் என்ன ஆகும்? 1996-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிலரை ரோபோ கைப்பிடி ஒன்றை நகர்த்தப் பழக்கினார்கள். ஒரு பக்கத் தள்ளுவிசைக்குப் பழகிய உடனே எதிர்ப்பக்க விசைக்கும் பழகியவர்களிடம் முதல் பாடம் குலைந்தது. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டவர்களிடம் அது நிலைத்தது. இதே முடிவு பிறகு எல்லா ஆய்வகங்களிலும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலந்து பழகுவதற்கும் சான்று இருக்கிறது. ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் கண்டது: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள், மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்குத்தான் பாடம் பின்னாளில் நினைவில் நின்றது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்தக் கலவை சுமையாகிவிடும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். என் கணக்கில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒரு கலைக்குள்ளேயே குத்துகளையும் தடுப்புகளையும் கலைத்துப் பழகலாம்; நிற்கும் முறையை மட்டும் வாரத்துக்கு மூன்று முறை மாற்றக் கூடாது.

போட்டி வரலாறும் இதையே சொல்கிறது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கூண்டுச் சண்டைப் போட்டியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தது பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற ஒரே கலையால். அதன்பின் எல்லோரும் தரைப்பிடி கற்றார்கள், ஒரே கலையின் ஆட்டம் முடிந்தது. ஆனாலும் வேர் மறையவில்லை. 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர் சீனத் தற்காப்புக் கலையான வுஷுவில் தேசிய சாம்பியனாக இருந்தவர்.

நம்மூர்ப் பிள்ளைக்கு எது வேர்? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற சிலம்பத்தை நான் தயங்காமல் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அதன் காலடி வரிசையில் கோணம் மாறி நகரும் கால் எந்தக் கூண்டிலும் உதவும். ஆனால் கம்பின் நீளத்துக்குப் பழகிய கண், கழுத்தைப் பிடிக்கும் தூரத்தில் திணறும். அலங்காரச் சுற்று மட்டும் போதாது. எதிரில் ஒருவர் உண்மையாகவே தொட வர வேண்டும். ஜூடோவில் அது முதலிலிருந்தே இருக்கிறது: ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய கோடோகான் பள்ளியில், எதிர்த்து நிற்பவரைத் தூக்கி எறிவதே அன்றாடப் பயிற்சி.

ஜூடோவோ மல்யுத்தமோ தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பலகையைவிடத் தரையைப் பார்ப்பது நல்லது. கராத்தே குத்துகளை மொட்டை மாடியில் பழகலாம். எறி பழக மெத்தை வேண்டும். முதல் சில வாரங்கள் எறிவதைவிட விழுவதைத்தான் சொல்லித்தருவார்கள்: மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அடித்து, பின்தலை தரையைத் தொடாமல்.