பிடரியைத் தேய்த்தே உதிர்க்கும் குதிரை

லாயத்துக் கம்பில் கழுத்தைக் கொடுத்துக் குதிரை தேய்க்கத் தொடங்கினால், சில நாட்களிலேயே பிடரியில் வழுக்கை விழுந்துவிடும். இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லித் தலையைத் தூக்கிக் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சொறிய வழியில்லாமல் தவிப்பது அரிப்பைவிடப் பெரிய வாதை.

மயிரை விலக்கிப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, பிடரியை வகிடெடுப்பதுபோல் அடித்தோல் வரை விலக்குங்கள். மயிர் பாதியில் முறிந்து குத்திட்டு நிற்க, தோல் சுத்தமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் லாயம்தான். தடுப்புக் கம்பிக்கு அடியில் தலையை நுழைத்துத் தினமும் வைக்கோலை எட்டித் தின்றால் அந்த உயரத்தில் மயிர் அறுந்துபோகும். தீவனத் தொட்டியை உள்ளே நகர்த்தினால் போதும்.

மயிர்க்காலில் வெளிர்நிற ஈர் ஒட்டியிருந்தால் பேன். வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். இரண்டிலும் சீப்பு, பிரஷ், போர்வையை மற்றக் குதிரைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. பிடரியை விட்டுவிட்டு வாலடியை மட்டும் தேய்க்கும் குதிரைக்கு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும் குடற்புழு காரணமாகலாம்.

பொருக்கும் நீர்க்கசிவுமாகத் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தால் பூச்சிக்கடி ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள்.

அந்தியில் வரும் பூச்சி

கியூலிகாய்ட்ஸ் என்னும் இந்தப் பூச்சி கொசுவைவிடச் சிறியது. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். ஆடு வளர்ப்பவர்களுக்கு இதன் வேலை தெரியும். மழைக்காலத்தில் நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுவே. ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகி, விடியலிலும் அந்தியிலும் அதிகம் கடிக்கும். அதன் உமிழ்நீர் எல்லாக் குதிரைகளுக்கும் ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை. ஒவ்வாமை உள்ளதற்கோ சில கடிகளே போதும், பிடரியும் வாலடியும் நெருப்பாய் அரிக்கும். இந்தத் தன்மை ஓரளவு பரம்பரையாக வருவது. ஆண்டுதோறும் பூச்சிக் காலத்தில் திரும்பும். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பதோடு பிடரியடித் தோலையும் பார்த்துவிடுங்கள்.

லாயத்தில் செய்ய வேண்டியவை

இந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. அதனால் குதிரையின் கழுத்துக்கு நேராகக் காற்று படும்படி ஒரு மின்விசிறி வைப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒயரைக் குதிரை கடிக்காத உயரத்தில் கட்டுங்கள். பொழுது சாயும் முன்பே குதிரையை உள்ளே கொண்டுவந்து, நன்றாக விடிந்த பிறகு வெளியே விடுங்கள். சாணக் குவியல் லாயத்தை ஒட்டி இருக்கக் கூடாது. மூத்திரம் தேங்காமல் வடிய வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் இது நுழைந்துவிடும், நெருக்கமாக நெய்த வலைதான் உதவும்.

குளிர்ந்த நீரில் கழுவுவது அரிப்பைத் தணிக்கும். சோப்பு நுரை பிடரியடியில் தங்கினால் அதுவே புது அரிப்பாகும், நன்றாக அலசுங்கள்.

மாட்டு உண்ணி மருந்து வேண்டாம்

மாட்டு உண்ணிக்கும் நாய்ச் சொறிக்கும் பயன்படும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைமேல் ஊற்றவே கூடாது. அது குடல் அசைவை முடக்கும். தீவனம் பெருங்குடலில் அடைத்து வயிற்றுவலி வரும், உயிரே போகலாம். பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம். பெர்மெத்ரின் தெளிப்பைக் குதிரைக்கு உரிய அளவில் அடிக்கலாம், ஆனால் அது பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. லாயத்துப் பூனையைத் தள்ளி வையுங்கள்.

பேனுக்கு ஒருமுறை மருந்தடித்தால் ஈர் தப்பிவிடும். சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசியைக் கால்நடை மருத்துவர் பார்க்காமல் போடாதீர்கள். குளம்பழற்சி வர வாய்ப்புண்டு. பந்தயத்தில் ஓடும் குதிரையானால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அரிப்பு நின்றபின் பிடரி பழைய நீளத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். தோல் தழும்பாகிவிட்ட இடத்தில் மட்டும் முளைக்காமலே போகலாம். ஆகவே முதல் மயிர் முறிந்து தெரியும்போதே மருத்துவரைக் கூப்பிட்டு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் தேய்க்கிறது என்பதையும் சொல்லுங்கள்.