ஒரு பழங்கொடியும் பல கருத்துக்களும்

அமெரிக்கச் செய்திகளைத் தொடர்ந்து கேட்டு வரும் தமிழன்பர்கள், சில ஆண்டுகளாக ஒரு கொடியைப் பற்றிய பேச்சு அச்செய்திகளில் அடிக்கடி எழுவதைக் கவனித்திருப்பர். செந்நிறத் துணி, அதன் மூலைக்கு மூலை நீலப் பட்டைகள் இரண்டு பெருக்கற்குறி போலக் குறுக்கிட்டுச் செல்லும், அப்பட்டைகளின் மேல் 13 வெண்ணிற விண்மீன்கள். இக்கொடிக்கு உரியதாகிய அரசு மறைந்து 160 ஆண்டுகளாகின்றன. அது வாழ்ந்த காலமோ ஐந்தாண்டுகள் கூட நிரம்பவில்லை. அங்ஙனமிருந்தும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இன்றும் வீட்டு முகப்புகளிலும், லாரிகளின் பின்புறத்திலும், இடுகாடுகளிலும் அக்கொடியைக் காணலாம். அதனைக் கண்டு நெஞ்சு நிமிர்வாரும் உளர். அது பறக்கும் வீட்டைக் கடக்கும்போது நடையை விரைவாக்குவாரும் உளர். ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்வோர் ஒரு துணியைக் குறித்து இவ்வளவு மாறுபட்டு எண்ணுவது ஏன் என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1860-ஆம் ஆண்டு இறுதியில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அடுத்து, தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஐக்கிய நாட்டினின்றும் பிரிந்தன. 1861 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் கூடித் தமக்கெனக் ‘கான்பெடரேட்’ என்ற கூட்டரசை அமைத்தன. முதலில் ஏழாக இருந்த அவை பின்னர்ப் பதினொன்றாயின. நான்காண்டுப் போரில் இருதரப்பிலும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். 1865 ஏப்ரல் 9-ஆம் நாள் தளபதி ராபர்ட் லீ சரணடைந்த பின்னர் அக்கூட்டரசு குலைந்தது. பம்பாயில் வாழும் நேயர்களுக்கு இப்போர் முற்றிலும் அயலானதன்று. அமெரிக்கப் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டபோது, இந்தியப் பஞ்சின் விலை ஏறிப் பம்பாய் வணிகரின் பெட்டிகள் நிரம்பின. போர் ஓய்ந்த 1865-லோ விலை சரிந்து, பெருஞ்செல்வர் பலர் ஒரே ஆண்டில் நொடித்துப் போயினர்.

இனிக் கொடிக்கு வருவோம். அக்கூட்டரசின் முதற்கொடி இன்று நாம் காண்பது அன்று. அதில் செம்பட்டை இரண்டும் நடுவே வெண்பட்டை ஒன்றும், மூலையில் நீலக் கட்டத்துள் விண்மீன் வளையமும் இருந்தன. 1861 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்து மனாசஸ் போர்க்களத்தில், புகைக்கும் புழுதிக்கும் இடையே அக்கொடியையும் ஐக்கிய நாட்டுக் கொடியையும் வேறு பிரித்தறிய முடியாமற் படையினர் திகைத்தனர். அத்தொல்லையை நீக்குவதற்கென்றே செந்நிறப் போர்க்கொடி தோன்றியது. லீயின் படை ஏந்தியது சதுர வடிவில் அமைந்தது. பிரிந்த மாநிலங்கள் பதினொன்றே ஆயினும், தமக்குரியவை என்று அவர்கள் கருதிய கென்டக்கி, மிசௌரி இரண்டையும் சேர்த்து விண்மீன்கள் பதின்மூன்றாயின. இக்கொடி தனித்து நின்று ஒருநாளும் அக்கூட்டரசின் தேசியக் கொடியாக இருந்ததில்லை. 1863-இல் வெள்ளைத் துணி ஒன்றின் மூலையில் வைத்து அதனைத் தேசியக் கொடியின் உறுப்பாக்கினர். அவ்வெண்மை வெள்ளை இனத்தின் மேன்மையைக் குறிப்பது என்று சவானா நகரத்துப் பத்திரிகாசிரியர் ஒருவர் அப்போதே வெளிப்படையாக எழுதினார்.

இக்கொடியைப் போற்றுவோர் கூறும் முதற்காரணம் முன்னோர் நினைவு. “எம் பாட்டனாருக்குப் பாட்டனார் இக்கொடியின்கீழ்ப் போரிட்டு மடிந்தார். அவர் ஏழைக் குடியானவர்; அடிமை ஒருவரையும் வைத்திருந்தவரல்லர். தம் மண்ணுக்குள் படை புகுந்ததால் துப்பாக்கி எடுத்தார். அவருடைய கல்லறையில் ஆண்டுக்கொரு முறை இக்கொடியை நடுவது குற்றமா?” என்பது அவர்கள் வினா. இதனை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. தென்னாட்டு வெள்ளையர் குடும்பங்களுள் பெரும்பாலானவை அடிமைகளை உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்பது உண்மையே. பட்டினியாலும் நோயாலும் மாண்ட அச்சிப்பாய்கள் பலர் எழுத்தறிவும் மிகுதியாகப் பெறாதவர்கள்.

ஆயினும் ஒரு சிப்பாய் ஏன் போருக்குச் சென்றான் என்பது ஒரு வினா. அவனை அனுப்பிய அரசு எதற்காகத் தோன்றியது என்பது வேறொரு வினா. பின்னதற்கு விடை தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அக்கூட்டரசின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் ஆற்றிய சொற்பொழிவில், கறுப்பர் வெள்ளையருக்கு நிகராகார் என்பதும், அடிமை நிலையே அவருக்கு இயல்பு என்பதுமே தம் புதிய அரசின் மூலைக்கல் என்று கூறினார். மிசிசிப்பி மாநிலம் தான் பிரிவதற்குக் காட்டிய காரணப் பத்திரத்திலும் அடிமை முறையே முதலிடம் பெற்றது. 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் அந்நாட்டில் அடிமைகளாக இருந்தனர். அவர்களுடைய கொள்ளுப்பேரர்களும் அதே தெருக்களில்தான் இன்று வாழ்கின்றனர். அவர்களுக்கும் முன்னோர் நினைவு உண்டு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி கூறத் தோன்றுகிறது. கொடியை ஆதரிப்போர் தம் வாசகங்களில் ஓயாது ஆளும் இரண்டு சொற்களை மரபு என்றும் பெருமை என்றும் தமிழில் பெயர்க்கலாம். முதற்சொல்லில் தொல்லையில்லை. இரண்டாவதற்கோ பெருமை, பெருமிதம், செருக்கு என மூன்று சொற்கள் நம்மிடம் உள. அந்த ஆங்கிலச் சொல் மூன்றையும் ஒருங்கே சுமக்கின்றது. ஆதரிப்போர் முதற்பொருளில் கூறுவதை எதிர்ப்போர் மூன்றாம் பொருளில் கேட்கின்றனர். வழக்கிற் பாதி இதனுள் அடங்கும் என்பது என் எண்ணம்.

மற்றப் பாதி கொடியின் பிற்கால வரலாற்றில் இருக்கிறது. தோல்வியுற்ற தளபதி லீ, போரின் நினைவுச் சின்னங்களை எழுப்புவதில் ஆர்வம் காட்டவில்லை. போரின் புண்களை ஆறவிடாமல் வைத்திருப்பது நன்றன்று என்று 1869-இல் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் அக்கொடி பெரும்பாலும் பழைய வீரர் கூட்டங்களிலும் நினைவுநாட்களிலுமே தலைகாட்டிற்று. மிசிசிப்பி மட்டும் 1894-இல் தன் மாநிலக் கொடியின் மூலையில் அதனைப் பொறித்துக் கொண்டது. அக்கொடி அரசியல் ஊர்வலங்களில் பெருவாரியாகப் புகுந்தது 1948-இல்தான். கறுப்பினத்தாருக்குச் சம உரிமை வழங்க முற்பட்ட தம் கட்சியினின்றும் பிரிந்து சென்ற தென்னாட்டார், ஸ்ட்ரோம் தர்மண்டு என்பாரை ஜனாதிபதி தேர்தலில் நிறுத்தியபோது அவர் கூட்டங்களில் அது பறந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1954-இல் தீர்ப்பளித்தது. 1956-இல் ஜார்ஜியா மாநிலம் தன் கொடியை மாற்றி அப்போர்க்கொடியைச் சேர்த்துக் கொண்டது. தென் கரோலினாவின் சட்டசபைக் கட்டிடத்தின் உச்சியில் 1961-இல் அது ஏற்றப்பட்டது. போரின் நூற்றாண்டு விழா என்பது காரணமாகக் கூறப்பட்டது. விழா முடிந்த பின்னரும் கொடி இறங்கவில்லை.

கறுப்பினத்தவருள் பெரும்பாலோரின் கருத்து இவ்வரலாற்றில் வேரூன்றியது. அவர்களுக்கு அக்கொடி மாண்டவரின் நினைவன்று. தம் தாய்தந்தையரைப் பள்ளி வாயிலிலும் வாக்குச்சாவடி வாயிலிலும் மறித்து நின்றவர்களின் கையிலிருந்த கொடி. 2015-இல் எடுக்கப்பெற்ற கருத்துக்கணிப்பு ஒன்றில் அமெரிக்கர் அனைவருள்ளும் நூற்றுக்கு 57 பேர் அதனைத் தென்னாட்டுப் பெருமையின் சின்னம் என்றனர். கறுப்பருள்ளோ நூற்றுக்கு 72 பேர் இனவெறியின் சின்னம் என்றனர். கறுப்பர் எல்லாரும் ஒரே கருத்தினர் என்றும் கொள்ளற்க. வட கரோலினாவைச் சேர்ந்த எச். கே. எட்ஜர்டன் என்ற கறுப்பர், அக்கொடியைத் தோளில் ஏந்தி நெடுந்தொலைவு நடந்து அதற்காக வாதாடியவர். அத்தகையோர் மிகச் சிலர்.

கருத்து மாறுவது எங்ஙனம் என்பதற்கு 1993 ஜூலையில் செனட் சபையில் நிகழ்ந்தது நல்ல சான்று. பழைய வீரரின் மரபில் வந்த பெண்டிர் சங்கம் ஒன்றின் சின்னத்தில் கூட்டரசின் முதற்கொடி இடம்பெற்றிருந்தது. அச்சின்னத்துக்குரிய காப்புரிமையைப் புதுப்பிக்கும் திருத்தத்தை நிராகரிக்கும் முயற்சி 52-க்கு 48 என்ற வாக்கில் தோற்றது. செனட் சபையின் முதற் கறுப்பினப் பெண் உறுப்பினரும், அப்போது அங்கிருந்த ஒரே கறுப்பரும் ஆகிய கேரல் மோஸ்லி பிரான் எழுந்து, தம் முன்னோரை மனிதராகவே கருதாத ஓர் அரசின் சின்னத்துக்கு இச்சபை மதிப்பு வழங்கலாமா என்று நெடுநேரம் வாதாடினார். அடுத்து எழுந்தவர்களுள் ஒருவர் அலபாமாவின் ஹவல் ஹெப்லின். அவருடைய பாட்டனார் கூட்டரசுப் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். தம் குடும்பம் அவ்வரசில் வேரூன்றியது என்று கூறிவிட்டே, தம் வாக்கை மாற்றிக் கொள்வதாக அவர் அறிவித்தார். மறு வாக்கெடுப்பில் 75 பேர் நிராகரிப்பின் பக்கம் நின்றனர். 25 பேரே எதிர்த்தனர். முன்னோரைப் போற்றுவதற்கும் அவர்தம் கொடியை அரசின் முத்திரையோடு உயர்த்துவதற்கும் உள்ள வேற்றுமையை ஹெப்லினைப் போல் தெளிவாகக் காட்டியவர் அரியர்.

தென் கரோலினாவில் அத்தெளிவு பிறக்க ஒன்பது உயிர்கள் போக வேண்டியிருந்தது. அங்குக் கொடி 2000-ஆம் ஆண்டில் கட்டிடத்தின் உச்சியினின்று இறக்கப்பட்டு, வளாகத்திலுள்ள போர்வீரர் நினைவுத்தூணின் அருகே நடப்பட்டது. இருதரப்பையும் அமைதிப்படுத்தும் ஏற்பாடு அது. 2015 ஜூன் 17-ஆம் நாள் இரவு, சார்ல்ஸ்டன் நகரத்து மாதாகோயில் ஒன்றில் விவிலிய வகுப்புக்குக் கூடியிருந்த கறுப்பர் ஒன்பதின்மரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். அக்கோயிலின் போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னியும் மாண்டவருள் ஒருவர். கொலையாளி இக்கொடியைக் கையில் பிடித்தவண்ணம் எடுத்துக்கொண்ட படங்கள் பின்னர் வெளிவந்தன. துக்கத்துக்காக நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் தாழ்ந்தன. இக்கொடி மட்டும் முழு உயரத்தில் பறந்தது. அதனைத் தொடுவதற்கும் சட்டசபையின் அனுமதி வேண்டும் என்பது விதி. ஜூன் 27-ஆம் நாள் பிரீ நியூசம் என்ற பெண்மணி கம்பத்தில் ஏறித் தாமே அதனை இறக்கிச் சிறைப்பட்டார். சிறிது நேரத்தில் அது மீண்டும் ஏற்றப்பட்டது.

அப்போது அம்மாநிலத்தின் கவர்னராக இருந்தவர் நிக்கி ஹேலி. பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகள். முந்தைய ஆண்டுத் தேர்தல் வரை கொடியை ஒரு பெரிய சிக்கலாக அவர் கருதவில்லை. கொலைக்குப் பின்னர் அதனை அகற்றவேண்டும் என்று கோரிய அவர், தம் இளமையில் நடந்த ஒன்றை வெளியிட்டார். தலைப்பாகை அணிந்த தந்தையாருடன் ஒரு பழக்கடைக்குச் சென்றபோது கடைக்காரர் போலீசாரை அழைத்துவிட்டனராம். அக்கடையைக் கடக்கும்போதெல்லாம் தமக்கு உண்டாகும் வலியே கொடியைக் காணும் பிறருக்கும் உண்டாகிறது என்பதை உணர்ந்ததாகக் கூறினார். வேற்று மாநிலத்தில், வேற்று மொழியினரிடையே குடியிருக்கும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் 2019-இல் அவரே, சிலருக்கு அக்கொடி தொண்டையும் தியாகத்தையும் குறித்தது என்றும், கொலையாளி அதனைக் கவர்ந்து கொண்டான் என்றும் பேசிக் கண்டனத்துக்கு உள்ளானார். ஒருவர் நெஞ்சிலேயே இரு கருத்துக்களும் குடியிருக்கக்கூடும் போலும்.

சட்டசபை விவாதத்தில், கூட்டரசின் ஜனாதிபதியான ஜெபர்சன் டேவிஸின் வழித்தோன்றல் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஜென்னி ஹார்ன் என்ற உறுப்பினர் கண்ணீர் மல்கக் கொடியை இறக்க வேண்டினார். ஸ்ட்ரோம் தர்மண்டின் மகனாகிய பால் தர்மண்டும் அகற்றும் பக்கமே வாக்களித்தார். ஜூலை 10-ஆம் நாள் அது இறக்கப்பட்டுப் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது.

இவற்றினும் வேறாக, அக்கொடியை வெறும் துடுக்கின் அடையாளமாகக் கொண்டோரும் உளர். 1979-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பாயும் காரின் கூரையில் அது தீட்டப்பட்டிருந்தது. அதனைப் பார்த்து வளர்ந்த சிறுவர்க்கு அது அதிகாரத்துக்கு அடங்காமையின் சின்னமாகவே பட்டது. பாடகர் டாம் பெட்டி 1985-இல் தம் மேடைகளில் அதனைப் பயன்படுத்தினார். பின்னாளில் அது தம் அறியாமை என்று வருந்தினார்.

அரசு பறக்கவிடுவது வேறு, தனிமனிதர் பறக்கவிடுவது வேறு என்பதில் சட்டம் தெளிவாயிருக்கிறது. மோட்டார் வாகனப் பலகையில் அக்கொடியைப் பொறிக்க டெக்ஸாஸ் மாநிலம் மறுத்தது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2015-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது; பலகை அரசின் பேச்சு என்பது காரணம். தம் நிலத்தில் ஒருவர் அதனை நடுவதையோ அந்நாட்டு அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை காக்கிறது. அக்கொடியை முழுமனத்தோடு வெறுப்பவருள்ளும், அதனைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்க அஞ்சுவோர் பலர். இன்று ஒரு கொடியைத் தடுக்கும் கை நாளை எக்கொடியைத் தடுக்கும் என்பது அவர்கள் கவலை.

மிசிசிப்பி மக்கள் 2001-இல் பழைய மாநிலக் கொடியே வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தனர். 2020 ஜூனில் சட்டசபை அதனை நீக்கியது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் மக்னோலியா மலர் பொறித்த புதுக்கொடியை ஏற்றனர். அதே ஜூன் திங்களில் நாஸ்கார் என்ற கார்ப் பந்தய அமைப்பும் தன் அரங்குகளில் போர்க்கொடியைத் தடைசெய்தது. 2021 ஜனவரி 6-ஆம் நாளோ, கலகக் கூட்டத்தில் ஒருவர் அதனை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் மண்டபத்தினுள்ளேயே தூக்கிச் சென்றார். அரசுக் கட்டிடங்களினின்று பெரும்பாலும் இறங்கிவிட்ட அக்கொடியை நடுவதோ விடுவதோ இனி அவ்வவ்வீட்டார் முடிவு செய்ய வேண்டியதாகிவிட்டது.