வாடிய பரங்கிக் கொடியும் கூகுள் தேடலும்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் கூகுளில் பதில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, முதல் கேள்வியை டைப் செய்து பார்க்கிறோம். பதிலும் வந்துவிடுகிறது. ஆனால் அது நமக்கான பதில்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் சொல்லித் தருவதில்லை. ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டுக் கொல்லையில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அக்காவுக்கு அவள் பையன் சென்ற வருடம் ஆவணியில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். விண்டோஸ் 11 உள்ளது. புரட்டாசி பிறந்ததும் கொல்லையில் பரங்கி விதை போட்டாள். மார்கழியில் வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைக்கப் பரங்கிப் பூ வேண்டும். அதை விலைக்கு வாங்குவதில் அவளுக்கு விருப்பம் இல்லை. ஏழு கொடி நன்றாகவே ஓடியது. ஐப்பசி நடுவில் ஒரு நாள் மதியம் மூன்று கொடிகள் குடை மடக்கியது போல இலை தொங்கி நின்றன. அக்கா லேப்டாப்பைத் திறந்து, ஸ்குவாஷ் செடி வாடுகிறது, ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் பரங்கிக்கு ஸ்குவாஷ் என்று ஒரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்ததே வினையாகப் போயிற்று.

பதில் உடனே வந்தது. ஸ்குவாஷ் வைன் போரர் என்ற தண்டுத் துளைப்பான் புழு, தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு மண்ணால் மூடவும் என்று படத்துடன் விளக்கம். முடிவுகளுக்கு மேலே இப்போது கூகுள் தானாகவே எழுதித் தருகிறதே ஏ.ஐ. சுருக்கம், அதிலும் அதேதான். அக்கா பிளேடு எடுத்து இரண்டு கொடிகளைக் கீறிவிட்டாள். உள்ளே புழு இல்லை. இரண்டு நாளில் அந்த இரண்டும் காய்ந்தன. அதற்குள் நாலாவது கொடியும் வாடத் தொடங்கியது. ஒரு ஆன்லைன் கடையில் பூச்சிமருந்தை ஆர்டர் செய்யப் பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டு, பாஸ்வேர்டு மறந்துபோனதால் எனக்குப் போன் செய்தாள். "நீதான் கம்ப்யூட்டர்ல எழுதறவனாச்சே, வந்து பாருடா" என்றாள். பாஸ்வேர்டை மறந்ததும் நல்லதுக்குத்தான்.

பதில் எந்த ஊர்ப் பதில்?

அக்கா படித்த பக்கத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது அமெரிக்கத் தோட்டக்காரருக்காக எழுதப்பட்டது. அந்தத் துளைப்பான் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு ஒரு அந்துப்பூச்சியும், தண்டைத் துளைக்கும் வண்டும் நம் நாட்டில் உண்டு. ஆனால் கொடி வாடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றை அல்ல. இன்னொன்று, நாம் பரங்கி என்று வளர்ப்பது பெரும்பாலும் குக்கர்பிட்டா மாஸ்கேட்டா என்ற வகை. அமெரிக்காவிலேயே அந்தப் புழு இந்த வகையை அவ்வளவாக அண்டுவதில்லை. மற்ற ஸ்குவாஷ் வகைகளைத்தான் தேடிப் போகும்.

கூகுளுக்கு ஸ்ரீரங்கத்துக் கொல்லையும் தெரியாது, காவிரி வண்டலும் தெரியாது. நாம் கொடுக்கும் சொல்தான் அதற்குத் தெரியும். ஸ்குவாஷ் என்று எழுதுபவர் பெரும்பாலும் அமெரிக்கர் என்பதால் அமெரிக்கப் பக்கங்களை அள்ளிக் கொடுத்தது.

சரி, தமிழில் கேட்கலாம் என்றால் அதற்கு முதலில் தமிழ் டைப் செய்ய வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதற்காக எந்த சாப்ட்வேரையும் தேட வேண்டாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். ஆட் எ லாங்வேஜ் பட்டனை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்திடவும். பின்னர் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் சென்றால் கீபோர்டு சேர்க்கும் வசதி இருக்கும். அதில் தமிழ் பொனடிக் என்பதைச் சேர்த்துக்கொண்டால், உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் அடிக்க அடிக்கத் தமிழில் விழும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

பரங்கியா, பூசணியா, அரசாணியா?

தமிழில் பரங்கி என்று அடித்ததும் வந்தவை கூட்டும் சாம்பாரும்! சமையல் குறிப்புகளை ஒதுக்க ஒரு வழி உண்டு. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு மைனஸ் குறி போட வேண்டும். பரங்கி -கூட்டு -சாம்பார் என்று கொடுத்தால் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் விலகும்.

ஆனால் பெரிய சிக்கல் பெயரில்தான். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் நாம் பரங்கிக்காய் என்பதைக் கோயம்புத்தூரில் அரசாணிக்காய் என்பார்கள். மதுரைப் பக்கம் பூசணி, சர்க்கரைப் பூசணி என்பார்கள். நமக்கோ பூசணி என்றால் வெள்ளைப் பூசணி, அதாவது திருஷ்டிக்கு உடைப்பது. இணையத்தில் எழுதுபவர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ப் பெயர்தான் அந்தப் பக்கத்தில் இருக்கும். எனவே ஒரே பெயரைக் கொடுத்துவிட்டுத் தமிழில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர்களுக்கு நடுவே ஓ, ஆர் என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை இட்டுத் தேடினால், எந்தப் பெயர் இருந்தாலும் அந்தப் பக்கம் வரும்.

இன்னும் நல்ல வழி, நம்பகமான ஒரே தளத்துக்குள் தேடுவது. எஸ், ஐ, டி, இ என்ற நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டியே தளத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முகவரி டி.என்.ஏ.யூ, புள்ளி, ஏ.சி., புள்ளி, ஐ.என். என்று முடியும். ஒரு இடைவெளி விட்டு நம் தேடல் சொல்லைக் கொடுத்து என்டர் தட்டினால், அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். அவர்களுடைய அக்ரிடெக் போர்டல் தமிழிலும் இருக்கிறது. நீளமான பக்கத்தில் வேண்டியதைக் கண்டுபிடிக்க கன்ட்ரோல் கீயுடன் எப் அழுத்தி, வாடல் என்று கொடுங்கள்.

பக்கத்தின் தேதியையும் பாருங்கள். நல்ல நிறுவனத்தின் பக்கமாகவே இருந்தாலும், மருந்துப் பெயரைச் சொல்லும் பழைய பக்கத்தை அப்படியே நம்பக்கூடாது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. அதற்கு முன் எழுதிய பக்கங்களும் பி.டி.எப். பைல்களும் இந்தப் பெயர்களோடு இன்னமும் இணையத்தில் கிடக்கலாம். கூகுள் முடிவுகளுக்கு மேலே உள்ள டூல்ஸ் என்பதைக் கிளிக் செய்து, எனி டைம் என்ற இடத்தில் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரை விட்டுக் கொல்லைக்கு

படித்ததை வைத்துக்கொண்டு செடியிடம் போக வேண்டும். பரங்கி இலை பெரியது. உச்சி வெயிலில் இலை வழியே போகும் நீரை வேர் ஈடுகட்ட முடியாமல் மதியம் தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். திருச்சி சித்திரை வெயிலில் இது சாதாரணம். இதற்கு வைத்தியம் வேண்டாம். அக்காவின் கொடிகள் முதல் இரண்டு நாள் இப்படித்தான் நிமிர்ந்திருக்கின்றன. பிறகு காலையிலும் தொங்கின. அப்படியென்றால் வேரிலோ தண்டிலோ கோளாறு.

அடுத்து விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தேன். ஐப்பசி மழை பெய்திருந்தும் தண்ணீர் தேங்கவில்லை, மண் சொதசொதக்கவில்லை. நீர் தேங்கி வேர் அழுகினால் அடித்தண்டு பழுத்து நாற்றம் வரும், அதுவும் இல்லை. இலைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஆரஞ்சு கலந்த சிவப்பில் பூசணி வண்டு ஒன்று உண்டு. அது இலையைத் தின்னும், அதன் புழு மண்ணுக்குள் வேரைக் குடையும். நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வண்டும் இல்லை, ஓட்டையும் இல்லை. தண்டில் துளையோ, துளைக்கு வெளியே மரத்தூள் போன்ற எச்சமோ இல்லை. அக்கா பிளேடு எடுக்கும் முன் இதை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு கொடி பிழைத்திருக்காவிட்டாலும் கொஞ்ச நாள் பூத்திருக்கும்.

கடைசியாக வாடிய கொடி ஒன்றை மண்வெட்டியால் வேரோடு நோண்டி எடுத்து, பக்கெட் தண்ணீரில் அலசினோம். இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். எனவே நோண்டித்தான் எடுக்க வேண்டும். வேர் முழுக்க ஜவ்வரிசி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு! கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் புகுந்து அதை வீங்க வைத்து, தண்ணீர் மேலே ஏறாமல் செய்துவிடும். அவரை, தட்டைப்பயறு வேரில் உள்ள நல்ல முடிச்சுகளை விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது வேரோடு வேராக இருக்கும், உதிராது.

"போன வருஷம் இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"வாழை. ஆடியிலதானேடா எடுத்தோம்" என்றாள் அக்கா.

இந்த நூற்புழு வாழை, தக்காளி, கத்தரி, வெண்டை, பரங்கி என்று எல்லாவற்றிலும் ஏறும். லேசான மணற்பாங்கு மண் அதற்குப் பிடிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் இரண்டுக்கும் பஞ்சம் இல்லை. அமெரிக்கப் பக்கத்தில் வாழைக்குப் பிறகு பரங்கி வைத்தவரின் கதை எப்படி வரும்?

வேரில் முடிச்சு விழுந்த கொடியைக் காப்பாற்றும் மருந்து வீட்டுத் தோட்டத்துக்கு இல்லை. ஆர்டர் செய்யப் போன பூச்சிமருந்தும் இதற்கு உதவாது. வாடிய கொடிகளை வேரோடு எடுத்துக் குப்பை உரக்குழியில் போடாமல் காய வைத்து எரித்தோம். அந்த இடத்தில் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, துலுக்கச் சாமந்தி நட்டாள் அக்கா. அதன் வேர் இந்த நூற்புழுவுக்கு ஆகாது. சித்திரையில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் மூடி ஆறு வாரம் வெயிலில் விடுவதாக இருக்கிறாள். பரங்கியை மாடியில் புது மண் நிரப்பிய பைகளில் மறுபடி விதைத்தாள்.

கம்ப்யூட்டரில் தேடித் தீராவிட்டால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் போன் செய்யலாம். 2004 முதல் நடக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். செடி எப்போது வாடியது, முன்பு அங்கே என்ன இருந்தது, வேர் எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். திருச்சிக்காரர்களுக்கு சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையமும், திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. அலசிய வேரை ஒரு பாலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

மாடிப் பரங்கி மார்கழி 20 வாக்கில் பூத்தது. முதலில் வருபவை ஆண் பூக்கள், கோலத்துக்கு அவற்றைத்தான் பறிக்க வேண்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, தொடக்கூடாது. இதை அக்கா எந்த இணைய தளத்திலும் தேடவில்லை. அம்மா சொல்லிக் கொடுத்தது.