எழுதாமல் விட்ட வாக்கியம்



உயர்தரப் பரீட்சைக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் பயிலும் மாணாக்கருக்கு மறைந்த எடுகோளை விளக்க, ஆரையம்பதியில் இருக்கும் எமக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை, வாவி இருக்கின்றது. நிலாக் காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி மறுநுனியிற் செவி வைத்தால் மெல்லிய இசையொன்று கேட்கும் என்பர். மீன் பாடும் தேன்நாடு என்ற பெயரும் அதனால் வந்ததே.

“ஓசை பாலத்தருகே கேட்கின்றது, ஆகவே தூண்களில் நீர் மோதுவதே காரணம்” என ஒருவன் வாதிக்கின்றான் என்று கொள்வோம். எடுகூற்று உண்டு, முடிவும் உண்டு. இடையே எழுதப்படாத வாக்கியம் ஒன்று நிற்கின்றது: பாலம் இன்றி இவ்வோசை எழாது. அதனை மறுத்துப் பாருங்கள், முடிவு தாங்குமா? அப்பாலம் திறக்கப்பட்டது 1924இல். சேர் எமர்சன் தெனன்ற் என்பார் மட்டக்களப்புக் கோட்டைக்கு அண்மையில் தோணியிலிருந்து அவ்வோசையைக் கேட்டதோ 1848இல். வாதம் சரிந்தது. அவர் கேட்டதும் இன்று கேட்பதும் ஒன்றே என்னும் எடுகோள் இம்மறுப்பினுள்ளும் ஒளிந்திருப்பதைக் கூரிய செவியுடைய நேயர் கவனித்திருப்பர்.

“நீருள்ளிருந்து வருவதால் மீனே பாடுகின்றது” என்பதிலும், நீருள் ஒலி செய்ய வல்லது மீன் ஒன்றே என்பது மறைந்துள்ளது. தெனன்றிடம் மீனவர் சொன்னதோ ஊரி என்னும் சிப்பியினத்தை. மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தை உறுப்புறுப்பாய்ப் பிரித்துக் கூறுவார். அவ்வாறு பிரித்தெழுதினால் இவ்வெடுகோள் தானே வெளிப்பட்டுவிடும்.

விடைத்தாள்களில் இரு பிழைகள் மிகுதி. “எல்லா மீன்களும் பாடும் என்பதே எடுகோள்” என எழுதுவது ஒன்று. அது மிகை, சில மீன்களே பாடினும் அவ்வாதத்துக்குப் போதும். எதனை மறுத்தால் வாதம் விழுமோ அதனை மட்டுமே எழுதுக. மற்றது, எடுகோளை உடைத்த மகிழ்ச்சியில் “ஆகவே மீன் பாடவில்லை” என முடிப்பது. உடைந்தது வாதமேயன்றி முடிவு அன்று. மீன் உண்மையிலேயே பாடவுங்கூடும். “இவ்வெடுகூற்றிலிருந்து இம்முடிவு பெறப்படாது” என்று நிறுத்தியவனுக்கே முழுப்புள்ளி.